காரீயத்தில் முகம் பார்த்தவர்கள்

திட்டத் தலைவர் அவர்களே, வெல்டர் டில்லி போட்ட இணைப்பு விட்டுப்போனதால்தான் குழாய் ஒழுகியது என்று நீங்கள் சொன்னது பொய். தெரியாமல் சொன்னதும் இல்லை. அறுத்த குழாயை உங்கள் கையில் கொடுத்தவள் நான். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் சொன்னீர்கள்.

இனி, வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசுகிறேன்.

நம் தொழில்காரர்களுக்காக நடக்கும் இந்தச் சின்னப் பத்திரிகையில் பணி அனுபவம் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகப் பழைய கேன்டீன், பழைய நண்பர்கள், பிரிவுபசார விழா என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எழுத வராது. என் வேலை உலோகத்தை அறுத்து உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்ப்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலைக் காலம் முழுவதும் அதைத்தான் செய்தேன். இங்கேயும் அதையே செய்கிறேன்.

அணு உலைக்குள் உண்டாகும் சூட்டை வாங்கி வெளியே கொண்டுவர ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத்தான் குளிர்விப்பான் என்கிறோம். இன்றைய உலைகளில் பெரும்பாலும் தண்ணீர். அடுத்து வரும் உலைகளுக்கு உருக்கிய சோடியம், உருக்கிய காரீயம், உருக்கிய உப்பு, ஹீலியம் வாயு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் கொடி பிடிக்கிறது. எதை எடுப்பது என்று பெரிய இடத்தில் குழு போட்டு முடிவு செய்வார்கள். அதற்கு முன்னால் அது குழாயை என்ன பாடு படுத்தும் என்று யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் நாங்கள். எங்கள் கூடத்தில் அணுவும் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. எவர்சில்வர் குழாயில் ஒரு பெரிய வளையம், அதைச் சூடாக்க மின்சார ஹீட்டர், உள்ளே ஓடும் உருகிய உலோகம். அந்த வளையத்துக்கு லூப் என்று பெயர். அவ்வளவுதான். அண்ணனூரில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதை இன்றுவரை நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் முதலில் சோடியக்காரர்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

சுத்தமான சோடியம் உருகி நின்றால் கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்சம் காற்று பட்டு ஆக்சிஜன் கலந்தால் பாலாடை மாதிரி ஒரு மங்கல் படியும். அந்த ஆக்சிஜன்தான் சோடியத்தில் எதிரி. குழாயை அரிக்கும். குறுகலான இடத்தில் கட்டியாகி அடைக்கும். அதனால் சோடியத்தில் ஆக்சிஜனை எவ்வளவு துரத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. எங்கள் தொட்டியின் மேல் தடித்த கண்ணாடி பதித்த ஒரு துவாரம் இருந்தது. ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து டார்ச் அடித்து அதற்குள் எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தன் முகம் தெரிந்தால் “முகம் தெரியுது” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் ஷிப்ட் கைமாறும். சென்சார் இருந்தது, மீட்டர் இருந்தது. ஆனாலும் முகம் பார்க்காமல் யாரும் சாவியைத் தரமாட்டார்கள்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் இதே திட்டத் தலைவர்தான். அப்போது அவர் பிரிவுத் தலைவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘சார்’ என்று மட்டும் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பழக்கம் போகவில்லை.

அவர் சரியாக இருந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சோதனைக்கு வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். சூட்டை ஏற்றி, பம்பை முழு வேகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். காலை ஷிப்ட் மாறும்போது சோடியம் லேசாக மங்கியிருந்தது. மீட்டரில் எல்லாம் சரி. சார் கண்ணாடியை விட்டு நிமிர்ந்தார்.

“முகம் தெரியல. ஏத்த மாட்டேன்.”

நிர்வாகி ஓடிவந்தார். “சார், அவங்க ஃப்ளைட் பிடிக்கணும். மீட்டர் சரியாத்தானே காட்டுது?”

“மீட்டரைக் கூட்டிட்டுப் போய் ஃப்ளைட்ல ஏத்துங்க. நான் ஏத்த மாட்டேன்.”

வந்தவர்கள் பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் போனார்கள். நிர்வாகி எங்கள் எதிரிலேயே சாரைத் திட்டினார். லூப்பைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு இணைப்பில் அடைப்பு வளையம் விரிசல் விட்டுக் காற்றை இழுத்திருந்தது. குறுகலான குழாய் ஒன்று பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது. பம்பை முழு வேகத்தில் ஓட்டியிருந்தால் அந்தக் குழாய் தெறித்திருக்கும். தெறித்தால் சோடியம் காற்றில் பற்றி எரியும். அன்று அந்தக் குழாய்க்கு நேர் கீழே நின்று மாதிரி எடுக்க வேண்டியவள் நான்.

அதை நான் மறக்கவில்லை. என் கோபம் இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். யாரோ ஒரு கையாலாகாதவர் இதைச் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன்.

பிறகு காரீயம் வந்தது. பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் இல்லை, அது வெள்ளீயம். இது பேட்டரியில் இருக்கிற கறுப்பு ஈயம். அடுத்த உலைக்குக் காரீயத்தைக் குளிர்விப்பானாக எடுக்கலாமா என்று குழு கேட்டது. எடுக்க நிறையக் காரணம் இருக்கிறது. காற்றில் எரியாது. தண்ணீர் பட்டால் சோடியம் மாதிரி வெடிக்காது. எவ்வளவு காய்ச்சினாலும் சுலபத்தில் கொதிக்காது. சோடியப் புகையில் இருமியவர்களுக்கு அது வரம் மாதிரி தெரிந்தது.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. எவர்சில்வரில் இருக்கும் நிக்கலைக் காரீயம் கரைத்துக் குடிக்கும், தேநீரில் சர்க்கரை கரைகிற மாதிரி. அதைத் தடுப்பது குழாயின் உள்சுவரில் படியும் மெல்லிய ஆக்சைடு தோல். அந்தத் தோல் நிற்க வேண்டுமானால் காரீயத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தே தீர வேண்டும். அதிகமானால் கசடு சேர்ந்து அடைக்கும். குறைந்தால் தோல் போய்விடும், குழாய் கரையும். நடுவில் ஒரு குறுகிய சந்து, அதில்தான் நடக்க வேண்டும்.

இது எங்களுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். கூடத்தில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்லியிருப்பார்கள். சார் இதைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்தார். ஆனால் லூப்பை ஓட்டிய கை சோடியம் ஓட்டிய கை. தொட்டியின் மேல் அதே கண்ணாடித் துவாரத்தை வைத்தார்கள். ஷிப்ட் மாறும்போது அதே டார்ச், அதே எட்டிப் பார்த்தல். காரீயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் வந்தால் எங்கள் ஆட்களுக்கு உடம்பு கூசும். உடனே ஹைட்ரஜன் கலந்த வாயுவைக் குமிழ் குமிழாக விடுவார்கள். ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போய்விடும். காரீயம் பளபளவென்று ஆகும். “முகம் தெரியுது.” ஷிப்ட் கைமாறும்.

டில்லி எங்கள் குழாய் வெல்டர். ஊர் கரையான்சாவடி. வாய் அதிகம். வேலைக்கு நேரத்தில் வந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் போட்ட இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற ஆள் சில சமயம் சலிப்பில் கொட்டாவி விடுவார், குறை ஒன்றும் கிடைக்காமல். வெல்டிங்கைத் தையல் என்றுதான் டில்லி சொல்வார். ஒருநாள் துவாரத்தில் எட்டிப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்.

“இன்னா மேடம், மூஞ்சி சோக்கா தெரியுது. ஒரு சேர் போட்டா சலூன் தொறந்துடலாம்.”

“உன் மூஞ்சியப் பாத்து ஈயம் ஒறஞ்சிடப் போகுது. நகரு.”

“ஒறஞ்சா இன்னா, என் தலை கலையாம அப்டியே நிக்கும்.”

எல்லோரும் சிரித்தோம். கீழே குழாய் கரைந்துகொண்டிருந்தது.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். ஷர்மிளா. தென்காசிப் பக்கத்துப் பெண், ஆவடியில் ஒரு ஃபிளாட்டில் இன்னும் மூன்று பெண்களோடு தங்கியிருந்தாள். கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் சாரிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“சார், ஆக்சிஜன் சென்சாருக்கு மேல் அலாரம் இருக்கு. கீழ் அலாரம் இல்லையே. கொறஞ்சா யாருக்குத் தெரியும்?”

சார் சிரித்தார். “குறையக் குறைய நல்லதும்மா. அலாரம் எதுக்கு?”

“இது ஈயம்லா சார்.”

“சென்சார் ரொம்பக் குறைச்சுக் காட்டுதுன்னா சென்சார்ல கோளாறு. கண்ணாடில பாரு, முகம் எவ்வளவு நல்லாத் தெரியுது.”

முகம் தெரிவதுதான் கோளாறு. பாடம் எடுத்த மனிதரே அதைச் சொன்னார். பாடத்தைப் பழக்கம் எப்படித் தின்னும் என்று உங்களுக்குக் காட்ட எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு குளிர்விப்பானை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் குழாயை மாற்றுகிறார்கள், பம்பை மாற்றுகிறார்கள், கையை மாற்றுவதில்லை. நாளைக்கு உப்பு லூப்புக்குப் போகிறவர்களும் காரீயத்தின் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் போவீர்கள். நீங்கள் நன்மை என்று நினைப்பது அங்கே என்ன செய்யும் என்று முதல் நாளே கேளுங்கள்.

ஒழுகியது ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பிற்பகல். எஸ்டேட் முழுக்கக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பலகைக்குச் சந்தனப் பொட்டு வைத்தாகிவிட்டது. வாசலில் பூசணிக்காய், பொரி மூட்டை. விடுமுறை முடிந்ததும் குழு வருகிறது, அதனால் லூப்பை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. நான் என் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதலில் கருகல் வாடை வந்தது. சூடு போகாமல் இருக்கக் குழாயைச் சுற்றியிருந்த பஞ்சு கருகும் வாடை. நிமிர்ந்து பார்த்தால் மேலே குழாய் வளைகிற எல்போவில் புகை. பஞ்சைத் துளைத்துக்கொண்டு ஒரு சொட்டு கீழே தட்டில் விழுந்து, நாணயம் மாதிரி உறைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அப்புறம் சொட்டு இல்லை, நூல்.

சார் ஓடிவந்தார். சோடியத்தில் எது சரியோ அதைக் கத்தினார்.

“ஹீட்டர் எல்லாத்தையும் கட் பண்ணு. தீயணைக்கிற பவுடர் கொண்டாங்க.”

சோடியம் கொதிநீரின் சூட்டுக்கும் கீழே போனால்தான் உறையும். ஹீட்டரை அணைத்தாலும் வடித்துவிட நேரம் இருக்கும். காரீயம் முந்நூறு டிகிரிக்கு மேலேயே உறைந்துவிடும். எல்லா ஹீட்டரையும் அணைத்தால் முதலில் உறைவது அடியில் இருக்கும் மெல்லிய வடிகுழாய். அது உறைந்தால் வழி அடைந்தது. மேல்தொட்டியில் இருக்கும் காரீயம் முழுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான் வர வேண்டும். ஓட்டை நின்ற இடத்தில் நிற்காது, பெரிதாகும். கீழே கேபிள் போகும் பள்ளம். அதைத் தாண்டினால் பூஜைக்காகக் கூடியிருந்த ஆட்கள்.

“வடிகுழாய் ஹீட்டரைத் தொடாதே ஷர்மிளா” என்று நான் கத்தினேன்.

“எல்லாத்தையும் கட் பண்ணுன்னு சொன்னேன்” என்றார் சார்.

ஷர்மிளாவின் விரல் மொத்த சுவிட்சின் மேல் இருந்தது. சாரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உங்களில் சிலர் ஒருநாள் அந்த இடத்தில் நிற்பீர்கள். இரண்டு பக்கமும் உங்களைவிட அனுபவசாலிகள், இரண்டு பேரும் கத்துவார்கள், ஒருவர் தப்பாக இருப்பார். யார் பெரியவர் என்று பார்த்தால் செத்தீர்கள். எந்த உலோகம் ஓடுகிறது என்று பாருங்கள். அவள் அதைப் பார்த்தாள். மொத்த சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள். லூப்பின் ஹீட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தாள், வடிகுழாயை மட்டும் விட்டாள். வடிவால்வைத் திறக்கும் பொத்தானை அழுத்தினாள்.

வால்வு திறக்கவில்லை. அதைத் தள்ளித் திறக்கும் காற்றைக் கொண்டுபோகும் டியூப், ஒழுகின காரீயம் பட்டு உருகிப்போயிருந்தது.

கையால் திருப்ப ஒரு சக்கரம் உண்டு. அது எல்போவுக்குக் கீழே, கொஞ்சம் தள்ளி. அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தது டில்லி. கையில் பூஜைக்குத் துடைத்த கிளாம்ப்.

“டில்லி, சக்கரத்தைத் திருப்பு” என்றேன்.

“மேல ஊத்துது மேடம்.”

“தெரியுது. திருப்பு.”

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுக் குனிந்து போனார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சக்கரம் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தொங்கித் திருப்பினார். காரீயம் தட்டின் விளிம்பில் பட்டுத் தெறித்து அவருடைய வலது முன்கையில் விழுந்தது. கையை எடுக்கவில்லை. வால்வு முழுக்கத் திறந்ததும்தான் எடுத்தார். அடித்தொட்டிக்குக் காரீயம் இறங்கும் சத்தம் கேட்டது. மேலே நூல் சொட்டானது, சொட்டு நின்றது. பள்ளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொரி மூட்டை வாசலிலேயே இருந்தது.

இவர் வெல்டிங்தான் விட்டுப்போனது என்று பிறகு சொன்னார்கள்.

விடுமுறை முடிந்து எல்போவை அறுத்தேன். நெடுக்குவாக்கில் இரண்டு பாதி. இரு முனையிலும் டில்லி போட்டிருந்த இரண்டு தையலும் அப்படியே இருந்தன. ஓட்டை அவற்றில் இல்லை. வளைவின் வெளிப்பக்கம், காரீயம் வேகமாக வந்து மோதித் திரும்பும் இடத்தில், சுவர் உள்ளிருந்து கரைந்து காகிதம் போல மெலிந்திருந்தது. நிக்கல் போன இடமெல்லாம் கடற்பஞ்சு மாதிரி துளை. துளைக்குள் காரீயம். ஆக்சைடு தோலைத் தேடினேன். எங்கும் இல்லை.

பாதியை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். ஜன்னலருகே வைத்துப் பார்த்தார்.

“முகம் நல்லாத் தெரிஞ்சுதேம்மா” என்றார்.

அந்த நிமிடம் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் செய்தது. அதை அப்படியே சொல்லியிருந்தால், காரீயத்தை ஓட்டப்போகிற அத்தனை பேருக்கும் எங்கள் தப்பு உதவியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார்.

“வெல்டிங்னு போட்டுடலாம்.”

“ஓட்டை வெல்டிங்ல இல்ல சார்.”

“தெரியுது. வெல்டிங்னா ஒரு ஆளோட தப்பு. ஆளை மாத்தினா முடிஞ்சுது. ஓட்டின முறைன்னு போட்டா கூடமே தப்பு. இத்தனை வருஷமா நாம சோடியத்துல சொன்னதையும் தோண்டுவாங்க. கூடத்தையே மூடிடுவாங்க.”

“டில்லி என்ன ஆவார்?”

“வேற வேலை பாத்துத் தர்றேன்.”

“சார், அந்தாளு கை வெந்து கிடக்கு.”

“நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல.”

“ஓட்டை எங்கேன்னு யாராவது கேட்டா?”

“யார் கேக்கப் போறா?”

நான் கேட்டுவிட்டேன். அந்த அறிக்கையில் என் கையெழுத்து கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கையெழுத்து இல்லாமலே அது போனது. குழு அதை ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் எனக்கு ஓய்வு வந்தது, சால்வை போர்த்தினார்கள். நீங்கள் கையெழுத்துப் போடாமல் விலகினால் உண்மை தானாக வெளியே வரும் என்று நினைக்காதீர்கள். வராது. அது அலமாரிக்குள் இருக்கும்.

டில்லியை அழுத்தக் குழாய் வெல்டிங்கிலிருந்து நீக்கினார்கள். சார் பார்த்துத் தருவதாகச் சொன்ன வேலை வரவே இல்லை. போன மாதம் கரையான்சாவடியில் மெயின் ரோட்டு ஓரம் ஒரு கிரில் பட்டறையில் அவரைப் பார்த்தேன். முன்கையில் தோல் சுருங்கிப் பளபளப்பாக இருந்தது.

“வாங்க மேடம், குந்துங்க. டீ சொல்றேன்.”

“கை எப்படி இருக்கு?”

“கை நல்லாத்தான் கீது. பேருதான் கெட்டுப்பூட்ச்சு. இங்க ஒருத்தன் கிரில் கதவு செய்யச் சொல்லிட்டு, ஒழுகாதுல்ல அண்ணாத்தேன்னு கேட்டுகினு போறான். கிரில் கதவு எப்டி மேடம் ஒழுகும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“லேட்டா வருவான்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன். வாய் ஜாஸ்தின்னு சொல்லட்டும், அதுவும் மெய்தான். தையல் வுட்டுச்சுன்னு சொல்லலாமா மேடம்? அத்த எவனும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லல. எனக்கு வேல வோணாம். அந்தாளு நாலு பேர் முன்னாடி நின்னு, ஓட்ட தையல்ல இல்லன்னு சொன்னாப் போதும்.”

இது ஒருவருடைய மானப் பிரச்சினை மட்டும் என்றால் நான் நேரில் போய்ச் சண்டை போட்டிருப்பேன். பத்திரிகையில் எழுதியிருக்க மாட்டேன். அண்ணனூரில் என் வீட்டுக்கு ஷர்மிளா வந்தாள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தாள், வேர்த்துப்போயிருந்தது. ஆவடிப் பக்கம் புதிய கொட்டகையில் முன்னதைவிடப் பல மடங்கு பெரிய காரீய லூப் எழுப்பியிருக்கிறார்கள். சார்தான் தலைமை. அவள் ஷிப்ட் பொறுப்பாளர். உங்களில் பாதிப் பேர் அங்கேதான் சேர்ந்திருக்கிறீர்கள்.

“மேடம், கண்ணாடித் துவாரம் வச்சிருக்காங்க.”

“சரி.”

“மேல் அலாரம் மட்டும்தான் வச்சிருக்காங்க. பழைய முறைதான் பாஸ் ஆயிட்டே, வெல்டிங்தானே போச்சுன்னு சொல்லுதாங்க. நான் திரும்பக் கேட்டேன். உனக்கு அன்னைக்கே பதில் சொல்லியாச்சுங்காங்க.”

“நீ என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல. எனக்குக் கீழ ஒம்பது புள்ளைங்க நிக்காங்க மேடம். எல்லாம் புதுசு. முகம் தெரியுதுன்னு சொல்லச் சொல்லிக் குடுத்திருக்காங்க, அதுகளும் அழகாச் சொல்லுது.”

அவளை நான் திட்டினேன். நீ பொறுப்பாளர்தானே, சூடேற்ற மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். ஒரு காலத்தில் ஒருவர் அப்படிச் சொன்னார், அவர் பெயரைச் சொல்லியே கேள் என்றேன். தண்ணீர் குடித்தாள். உன் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்க. நீங்க கேட்டியன்னா நானும் கூட நின்னு கேப்பேன்” என்றாள்.

டில்லியின் மேல் போட்ட பொய் இப்போது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். தையல் விட்டது என்றதால் முறை பாஸ் ஆனது. முறை பாஸ் ஆனதால் கீழ் அலாரம் இல்லை. கீழ் அலாரம் இல்லாத லூப்புக்கு அடியில் அந்த ஒன்பது பேர் நிற்கப் போகிறார்கள். காரீயம் மோசமான குளிர்விப்பான் என்று நான் சொல்லவே இல்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுத்து ஓட்டினால் நன்றாகவே ஓடலாம். ஆனால் அதை நாங்கள் இன்னும் சோதித்துப் பார்க்கவே இல்லை. சோதித்தது மாதிரி ஒரு முடிவு மட்டும் இருக்கிறது.

புதிய லூப்புக்கு முதல் சூடு ஏற்றும் நாளில் விழா வைத்திருக்கிறார்களாம். விளக்கு ஏற்றுவார்கள், குழுவினர் வருவார்கள், மைக் இருக்கும். நானும் வருகிறேன். டில்லியை அழைத்து வருகிறேன். அவர் முதல் வரிசையில் உட்காருவார், வாசலில் தடுத்தால் வாசலில் உட்காருவார். நீங்கள் அந்த லூப்பில் வேலை செய்கிறவர் என்றால், கீழ் அலாரம் வைக்கும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். முகம் தெரியுது என்று வாயால் சொல்லாதீர்கள்.

சார், அந்த எல்போவின் ஒரு பாதி உங்கள் அலமாரியில் இருக்கிறது. அன்றைக்கு விளக்குக்குப் பக்கத்தில் அதை மேசைமேல் வையுங்கள். மீட்டரை நம்பாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய மனிதர் நீங்கள். மைக்கைப் பிடித்து, டில்லியைப் பார்த்து, அந்த ஒன்பது பேர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள்: ஓட்டை எங்கே இருந்தது?